உறுதி வெற்றிலை

கண்ணாயிரத்துக்குப் பொய் சொல்ல வராது. அடி அண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போனால், கறக்கும்போது அது உதைக்கும் என்பதை அவரே முதலில் சொல்லிவிட்டு, வாங்க வந்தவன் துண்டை உதறிக்கொண்டு போவதைப் பார்த்து நிற்பார். அப்படிப்பட்ட மனிதர் கூடப் பிறந்த தங்கையை நாலு பெண்கள் முன்னால் பொய்க்காரி ஆக்கிவிட்டார். அதையும் பொய் சொல்லாமலே செய்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். மல்லாட்டை பிடுங்குகிற காலம். மற்ற ஊர்களில் வேர்க்கடலை என்கிறார்களே, அதுதான் எங்களுக்கு மல்லாட்டை. முதல் நாள் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சி மண்ணை இளக்கி வைத்து, விடிந்ததும் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெயில் ஏறிய பிறகு புங்கமரத்து நிழலில் உட்கார்ந்து காய் ஆய்வார்கள். கண்ணாயிரத்தின் மனைவி தனமும் மகள் சந்திரகலாவும், கூலிக்கு வந்த எல்லம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கைகளெல்லாம் செம்மண். பச்சை மல்லாட்டையின் பால்வாடை மரத்தடியில் நின்றது. சட்டியில் கேழ்வரகுக் கூழும் உப்பில் ஊறிய மாங்காயும் காத்திருந்தன.

வரப்பின் மேல் மணியம்மாள் வந்துகொண்டிருந்தாள். கண்ணாயிரத்தின் ஒரே தங்கை. மலைக்கு அந்தப் பக்கம் வேங்கிக்காலில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மகன் தருமன் கொத்து வேலை செய்கிறான். அங்கே புது வீடுகள் எழும்பத் தொடங்கியிருந்ததால் அவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

"வாம்மா மணி. இந்த வெயில்ல எதுக்கு நடந்து வந்த?" என்றாள் தனம்.

"பஸ்ஸுக்கு எம்மா நேரந்தான் நிக்கறது அண்ணி? சேதி நல்ல சேதி. கால் தானா வந்துடுச்சி." மணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்திரகலாவைப் பார்த்துச் சிரித்தாள். "வைகாசி வளர்பிறையில நிச்சயம் வெச்சிக்கலாம்னு தருமன் அப்பா சொல்றாரு. உங்களுக்கு தோதுப்படுமான்னு கேட்டுக்கினு போவலாம்னு வந்தேன்."

"இன்னா நிச்சயம்?" என்றாள் தனம்.

"இன்னா அண்ணி வெளையாடற? மாசி மாசம் வந்து அண்ணன் கையில வெத்தல குடுத்துட்டுப் போனேனே. நீ களையெடுக்கப் போயிருந்த."

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பெண் கேட்க ஒரு முறை இருந்தது. நாள் பார்த்து நாலு பேரைக் கூட்டுவதற்கு முன்பே, பையனைப் பெற்றவள் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள் எல்லாம் வைத்துப் பெண்ணின் தகப்பன் கையில் கொடுப்பாள். அவர் வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பெயர் உறுதி வெற்றிலை. அதை யாரும் வாயில் போடக் கூடாது. சாமி மாடத்தில் வைத்து, காய்ந்து சருகானாலும் நிச்சயத்தன்றுதான் எடுப்பார்கள். அண்ணன் தங்கைக்குள் என்றால் சாட்சிகூடக் கேட்பதில்லை.

கிணற்றடியிலிருந்து கண்ணாயிரத்தைக் கூப்பிட்டார்கள். தங்கையைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல்.

"மணி! எப்ப வந்த? கூழு குடிச்சியா?"

"அண்ணா, மாசி மாசம் நான் குடுத்த வெத்தலய மாடத்துலதான வெச்சிருக்க? அண்ணி தெரியாதுன்னுது."

கண்ணாயிரம் யோசித்தார். நன்றாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"நீ வெத்தல குடுக்கவே இல்லியே மணி" என்றார்.

மணியம்மாள் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். எல்லாரும் பின்னால் போனார்கள். மாடத்தில் திருநீறும் கற்பூரம் எரிந்த கரியும் இருந்தன. வெற்றிலையின் காம்புகூட இல்லை.

"கலா, நீ வீட்லதான இருந்த? நீதான எனக்கு மோர் குடுத்த? நீ சொல்லுடி கண்ணு."

சந்திரகலா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க வந்தீங்க அத்த. மோர் குடிச்சீங்க. வெத்தல குடுத்தத நான் பாக்கல."

எல்லம்மாள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மணியம்மாளும் பார்த்துவிட்டாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டாரு. ஊருக்கே தெரியும். அப்ப நான்தான் பொய் சொல்லிக்கினு உங்க பொண்ணுக்கு அலையறேன். அப்படித்தான?" என்றாள். கூழைத் தொடவில்லை. வந்த வெயிலிலேயே திரும்பிப் போய்விட்டாள்.

கண்ணாயிரத்துக்கும் கஞ்சாவுக்கும் இருபது வருஷப் பழக்கம். மலை சுற்றுகிற பாதையோரத்து மண்டபத்தில் வடக்கே இருந்து வந்த சாமியார்கள் தங்குவார்கள். அவர்களுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவர், முதுகு வலிக்கு நல்லது என்று யாரோ சொல்லி, சிலும்பி என்கிற அந்த மண்குழலை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு அது தினப்படி ஆயிற்று. ஊரில் இதை யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை. சாராயம் குடிக்கிறவன் பெண்டாட்டியை அடிப்பான், சட்டியை உடைப்பான். கண்ணாயிரம் சிரித்துக்கொண்டே வந்து படுத்துக்கொள்வார். தனம் கொடுத்து வைத்தவள் என்று பேர் வாங்கியதே இதனால்தான்.

சில வருஷங்களாக மறதி கூடிவந்தது. மாட்டைக் கட்டிவிட்டு வந்து மறுபடி கட்டப் போவார். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து பாத்தியெல்லாம் உடைந்து ஓடும். சொன்ன கதையையே சொல்வார். "ஆயிரம் கண்ணு இருந்து இன்னா, கட்டுன மாடு தெரியலியே" என்று ஊர் சிரிக்கும். தனமும் சேர்ந்துதான் சிரித்தாள். மணியம்மாள் அழுதுகொண்டு போன அன்றைக்குத்தான் அவள் சிரிப்பதை நிறுத்தினாள்.

மல்லாட்டையைக் களத்தில் காயப்போட்டுவிட்டு, அந்த வாரமே கணவனைத் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனாள். தேரடித் தெருவுக்குப் பின்னால் ராஜமாணிக்கம் என்று ஒரு டாக்டர் இருந்தார். மெட்ராஸில் படித்தவர். அவசரப்படாதவர்.

"இவரு பொய் சொல்றவரு இல்லீங்க. எங்க நாத்தனாரும் பொய் சொல்றவ இல்லீங்க. அப்ப யாருதாங்க பொய் சொல்றது?" என்று கேட்டாள் தனம்.

டாக்டர் கண்ணாயிரத்திடம் பேச்சுக் கொடுத்தார். கத்தரிக்காய், சாவி, குருவி என்று மூன்று பெயரைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு அவருடைய கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். கண்ணாயிரம் மாட்டுவண்டியின் அச்சு முறிந்து மாப்பிள்ளை நடந்தே போனதையும், பந்தியில் எந்தப் பாயசம் என்பதையும் சுவையாகச் சொன்னார். "சரிங்க, நான் சொன்ன மூணு பேரு?" என்றார் டாக்டர்.

"நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார் கண்ணாயிரம்.

டாக்டர் தனத்தின் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேருமே பொய் சொல்லலம்மா. மூளையில கோடிக்கணக்குல நரம்பணு இருக்கு. ஒண்ணு இன்னொண்ணுக்குச் சேதி சொல்லும். இன்னிக்குப் பார்த்தது நாளைக்கும் இருக்கணும்னா, அதுங்களுக்கு நடுவுல இருக்கற இணைப்பு பலப்படணும். வருஷக்கணக்கா கஞ்சா பிடிச்சா அந்த இணைப்பு பலப்படாமப் போகுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க நினைக்கறாங்க. எலியை வெச்சிப் பார்த்துக்கிட்டிருக்காங்க, இன்னும் முடிவாச் சொல்லல. எல்லாருக்கும் இவ்வளவு ஆகறதும் இல்ல. இவருக்கு வேற ஏதாவது கூடச் சேர்ந்திருக்கலாம். ஆனா மொதல்ல இதை நிறுத்தணும்."

"பழசெல்லாம் சொல்றாரேங்க."

"பழசு அப்பவே பதிஞ்சிடுச்சி. புதுசுதான் பதிய மாட்டேங்குது. அங்கொண்ணு இங்கொண்ணு ஒட்டிக்கும், மீதி போயிடும்."

தனத்துக்குத் தன் கொல்லை நினைவுக்கு வந்தது. மல்லாட்டைச் செடி மேலேதான் பூக்கும். பூ வாடினதும் அதிலிருந்து ஒரு விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் போனால்தான் காய். மண் இறுகிப் போயிருந்தால் விழுது உள்ளே போகாமல் காய்ந்துவிடும். "பூ பூக்குது, விழுது எறங்கல. அப்படித்தானுங்களே?" என்றாள்.

டாக்டர் மல்லாட்டையைத் தின்றிருக்கிறாரே தவிர, அது காய்ப்பதைப் பார்த்ததில்லை. விளக்கிச் சொன்னதும் தலையாட்டினார். "நிறுத்தினா மண்ணு இளகுமாங்க?" என்றாள். "கொஞ்சம் கொஞ்சமா இளகலாம். எவ்வளவுன்னு நான் சொல்ல முடியாது" என்றார் அவர்.

அன்று பொழுது சாய்கிற நேரம். சந்திரகலா களி கிளறிக்கொண்டிருந்தாள். தனம் டாக்டர் சொன்னதை மகளுக்குச் சொன்னாள். கண்ணாயிரமும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப மணி நெசமாத்தான் குடுத்திருக்கா" என்றார். "நான் வாங்கிட்டு இல்லன்னு சொல்லியிருக்கேன். பெத்த தாயி இல்லாத பொண்ணு, என் தோள்ல வளந்தவ. நாளைக்கே போறேன் தனம். அவ கால்ல உழுந்தாலும் தப்பில்ல. வைகாசியே வெச்சிக்கலாம்னு சொல்லிட்டு வரேன்."

சந்திரகலா களிக்கட்டையைச் சட்டியில் குத்தி நிறுத்தினாள்.

"அப்பா, அந்த வெத்தலய உனக்கு மடிச்சிக் குடுத்தது நான்தான்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"அத்த குடுத்தத நீ மாடத்துல வெச்சிட்டு மண்டபத்துக்குப் போயிட்ட. திரும்பி வந்து மாடத்தப் பாத்து 'ஏதும்மா வெத்தல'ன்ன. நெசமாவே தெரியாமத்தான் கேட்ட. 'அத்த சும்மா கொண்டாந்திச்சி, போடுறியாப்பா'ன்னேன். 'குடு'ன்ன. சுண்ணாம்பு தடவிக் குடுத்தேன். பொழுது போறதுக்குள்ள ஒண்ணொண்ணா எல்லாத்தயும் போட்டுட்ட."

"அன்னிக்கு தேங்காத் தொவையல்…" என்று ஆரம்பித்தாள் தனம்.

"அந்தத் தேங்காதான்."

தேங்காய்த் துவையல் நன்றாக இருந்தது என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது தனத்துக்கு நினைவு வந்தது. கை தானாக ஓங்கியது. மகள் நகரவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் ஓங்கிய கை இறங்கிவிட்டது.

"ஏண்டி? உனக்குப் புடிக்கலன்னா எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ இன்னா சொல்லுவ? தருமன் மாமாவும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அப்பா கூட மண்டபத்துக்குப் போவுது, உனக்கும் தெரியும். இப்ப தெனம் போவுதாம். தை மாசம் இங்க வந்துது இல்ல? இதே எடத்துல உக்காந்து களி தின்னுது. கை கழுவிக்கினு, கட்டுத்தறி வரைக்கும் போயிட்டு வந்து உக்காந்து, 'பசிக்குது கலா, சாப்புட இன்னா இருக்கு'ன்னுது. நீ சிரிச்சியேம்மா. 'அப்படியே மாமன உரிச்சி வெச்சிருக்கான்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்ச." சந்திரகலாவின் குரல் உடைந்தது. "எனக்குச் சிரிப்பு வரல. நீ தெனமும் மோட்டார நிறுத்த ஓடற. கட்டுன மாட்ட அவுக்காம பாத்துக்கற. நானும் அப்படியே ஓடணுமாம்மா?"

தனம் களிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். தான் கொடுத்து வைத்தவள் என்று ஊர் சொன்னதை இத்தனை வருஷம் நம்பியிருந்தாள். மகள் நம்பவில்லை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அது வலித்தது.

கண்ணாயிரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய், மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருந்த சிலும்பியை எடுத்து வந்து தனத்தின் கையில் கொடுத்தார்.

"வெத்தலய திருப்பிக் குடுத்துடலாம்" என்றார். "பொண்ணு வாழப் போறவ. நான் வாங்கினது தப்பு. நானே என் கையால குடுத்துட்டு வரேன்."

தனம் சிலும்பியைக் கிணற்றில் போட்டாள்.

மறுநாள் காலையில் கண்ணாயிரம் முகம் கழுவி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நல்ல உற்சாகமாக வந்து நின்றார்.

"கெளம்பு தனம். மணி வூட்டுக்குப் போயி வைகாசியே வெச்சிக்கலாம்னு சொல்லிட்டு வந்துடலாம்."

தனத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேசாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மகள் கொல்லையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. கணவனை உட்காரவைத்து, வெற்றிலை போன வழியையும், தருமனைப் பற்றி மகள் சொன்னதையும் முதலிலிருந்து சொன்னாள். அவர் முகம் நேற்றைக்கு விழுந்தது போலவே விழுந்தது. ஒரு தகப்பனின் முகத்தில் அந்த அடியை இரண்டாவது தரம் பார்ப்பது அவளுக்குத் தாங்கவில்லை.

கண்ணாயிரம் கூரையைப் பார்த்தார். "சிலும்பி?"

"நீயே எடுத்துக் குடுத்துட்ட. கெணத்துல போட்டுட்டேன்."

"நானே குடுத்தேனா? நல்லதாப் போச்சு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெத்தலய திருப்பிக் குடுத்துடலாம் தனம். பொண்ணு வாழப் போறவ."

திருப்பிக் கொடுப்பதற்கும் முறை உண்டு. வாங்கிய அத்தனையும் அதே மாதிரி தட்டில் இருக்க வேண்டும். டவுனில் இறங்கிப் பூக்கடைப் பக்கம் எல்லாவற்றையும் வாங்கினார்கள். வேங்கிக்கால் போகிற பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாயிரம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் தேங்காயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எந்த வூட்டு விசேஷம் தனம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

பஸ்ஸில் நாலு பேர் இருந்தார்கள். தனம் அவர் காதருகே குனிந்து மறுபடியும் சொன்னாள். இந்தத் தரம் சுருக்கமாக, கூடிய வரை மெத்தென்று சொன்னாள். சொல்லி முடித்து, அவர் என்ன சொல்வாரோ என்று பயந்து காத்திருந்தாள். மனிதன் ஒரு தரமாவது மாற்றிச் சொல்லிவிட்டால் எந்தப் பேச்சை எடுத்துக்கொள்வது?

"அப்ப திருப்பிக் குடுத்துட வேண்டியதுதான்" என்றார் கண்ணாயிரம். "பொண்ணு வாழப் போறவ இல்ல?"

தனம் வெளியே பார்த்துக்கொண்டு கண்களைத் துடைத்துக்கொண்டாள். எந்த நரம்பு விட்டுப்போனாலும் இந்த மனிதனுக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போகவில்லை. அதற்கு டாக்டரிடம் என்ன பேரோ, அவளுக்குத் தெரியவில்லை.

மணியம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் கூட இருந்தாள். தருமன் வேலைக்குக் கிளம்பக் கரணையும் மட்டக்கோலும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்ததும் மணியம்மாளின் முகம் மலர்ந்தது, பக்கத்தில் வந்து அண்ணனின் கண்ணைப் பார்த்ததும் சுருங்கிவிட்டது.

"மணி, நீ வெத்தல குடுத்த. நான் வாங்கினேன். நீ பொய் சொல்லல" என்றார் கண்ணாயிரம். கன்னியம்மாள் பக்கம் திரும்பி அவளிடமும் சொன்னார். "எந்தங்கச்சி பொய் சொல்லலம்மா. எனக்குத்தான் பதியல."

மணியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அது போதும்ணா. அது போதும் எனக்கு."

"அத இப்ப திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்."

அழுகை நின்றது. "ஏன்? எம்மவனுக்கு இன்னா கொறச்சல்?"

கண்ணாயிரம் வாயைத் திறந்தார். காரணம் வரவில்லை. வீட்டிலும் பஸ்ஸிலும் கேட்டது எங்கோ நழுவிப் போயிருந்தது. தனம் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, தருமனையே பார்த்துக்கொண்டு நின்றார். காலை வேளையிலேயே அவன் கண்கள் சிவந்திருந்தன.

"அந்த வருஷம் தீபத்துக்கு மறுநா" என்று மெதுவாக ஆரம்பித்தார். "நல்ல மழை. இவனுக்கு அப்பத்தான் மீசை மொளைக்குது. மாமா குளுருதுன்னான். மண்டபத்துல உக்கார வெச்சி, சிலும்பிய ஈரத்துணி சுத்தி எப்படிப் புடிக்கறதுன்னு காட்டி, நான்தான் அவன் கையில குடுத்தேன். இருமினான். முதுகுல தட்டிக் குடுத்தேன். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது மணி. ஈரத்துணி கலரு கூட ஞாபகம் இருக்குது. நான் கெட்டதுமில்லாம உம்மவனையும் கெடுத்தேன். எம்பொண்ண எந்த மூஞ்சிய வெச்சிக்கினு குடுப்பேன்?"

மணியம்மாள் மகனைப் பார்த்தாள். தருமன் மட்டக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்லவில்லை.

அவள் வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சரிண்ணா. வாங்கிக்கினேன். ஆனா இனிமே இந்த வாசல்ல நீ கால வெக்காத" என்றாள். கத்தவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸுக்குக் காத்திராமல் இருவரும் நடந்தே திரும்பினார்கள். டவுனைத் தாண்டி மலை சுற்றுகிற பாதைக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தாலும், புளியமரங்களில் காற்று வந்தது. மண்டபத்தின் அருகே கண்ணாயிரத்தின் கால்கள் தாமாகவே திரும்பின. தனம் கையைப் பிடித்தாள். "விட்டுட்ட" என்றாள். "அப்படியா?" என்று அவர் கூடவே நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இந்தத் தடவ மல்லாட்டை நல்லா தெரண்டிருக்குது தனம். மணிக்கு வறுத்த மல்லாட்டைன்னா உசுரு. பாத்து எம்மா நாளாச்சு! ஒரு படி வறுத்து எடுத்துக்கினு, நாளைக்கு ஒரு நடை போயி அவளப் பாத்துட்டு வரலாமா?"

தனம் அவர் கையை விடவில்லை.

"போலாம்" என்றாள். "மொதல்ல காயட்டும்."